பனிமலைக்கு வழி தேடினோம்

யூபிலி மலருக்கு யாதேனும் எழுதித் தருக என மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதுவோமென எதிர்பார்த்திருப்பர். ஆயின், சென்ற சில திங்களாக எம் சிந்தையை ஆட்கொண்டிருப்பது பனிச்சறுக்கு விளையாட்டாகும். மார்கழி, தை மாதங்களின் காலைப் பனியையன்றி வேறு பனி கண்டறியாத யாம், நாற்பத்தைந்தாம் வயதில், அல்ப்ஸ் மலையிற் சறுக்குதற்குத் திட்டம் வகுத்த வரலாற்றை ஈண்டுக் கூறுவோம். நகைப்போர் நகைக்க.

எம்மோடு இக்கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பர் ஒருவர் 1998ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்து சென்றார். சூரிச் நகரில் ஓர் உணவுச்சாலையிற் பாத்திரம் கழுவும் வேலையில் தொடங்கி, இன்று அங்கேயே சமையற்காரராக உள்ளார். மகனுக்கு வயது பதினான்கு, மகளுக்குப் பன்னிரண்டு. அந்நாட்டுப் பாடசாலைகள் பல, குளிர்காலத்தில் மாணவரைப் பனிச்சறுக்கு முகாம்களுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். ஆகவே, பிள்ளைகள் இருவரும் சறுக்குவதில் வல்லவராயினர். ஒருநாள் நண்பர் தொலைபேசியில் எம்மிடம் கூறியது இது:

“மச்சான், இருபத்தஞ்சு வருசத்துக்கு மேலை இந்தப் பனியை வழிச்சுத் தள்ளிப்போட்டு வேலைக்குப் போறன். பிள்ளையள் மேலை ஏறிப் போகுதுகள். நான் கீழை நிண்டு அதுகளின்ரை சப்பாத்துக்குக் காவல் இருக்கிறன். நீ வந்தால் நானும் ஏறுவன்.”

இவ்வுரையில் விளையாட்டு ஆசை மட்டுமே இருந்ததென்று எமக்குத் தோன்றவில்லை. தாம் பின்தொடர இயலாத ஓரிடத்துக்குப் பிள்ளைகள் போய்விடுவரோ என்னும் தந்தையின் அச்சமும் அதில் இருந்தது. உடனே ஒப்பினோம்.

எங்கே செல்வது என்பது அடுத்த வினா. 4,478 மீற்றர் உயர்ந்த மற்றர்ஹோர்ண் சிகரத்தின் அடியிலுள்ள சேர்மற்றை நண்பர் முதலிற் கூறினார். பின்னர், 1928இலும் 1948இலும் குளிர்கால ஒலிம்பிக் விழா நிகழ்ந்த சென் மொறிற்சைக் கூறினார். தூரத்திலிருந்து வரும் நண்பனுக்குப் பெயர்பெற்ற இடத்தையே காட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் ஏறியதில்லையா என யாம் வினவியபோது, சிறிது நேரம் வாளாவிருந்தார். பிறகு, பேர்போன ஓரிடத்தில் ஒரேயொரு நாள் முயன்றதாகக் கூறினார். வடத்தைப் பற்றி மேலேறும் வழியில் அவர் விழ, பின்னால் நீண்ட வரிசை தடைப்பட்டதாம். எவரோ சினந்து ஏதோ கூறினராம். மகன் தலைகுனிந்து நின்றதைக் கண்டு, பலகைகளைக் கழற்றி வைத்தவர் மீண்டும் தொடவில்லை.

ஆசிரியர் கலாசாலையில் எமக்குப் புகட்டிய விதி, எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்பது. வகுப்பு முழுவதும் நோக்கி நிற்க ஒருவனை எழுப்பி வினவினால், அறிந்ததையும் அவன் மறப்பான் என்பதை எம் தொழில் கற்பித்தது. ஆகவே, பெயரைத் தேடாது ஆரவாரமற்ற ஓர் ஊரைத் தேடுக என்றோம். இருவரும் பல நாள் ஆராய்ந்து கிளாறுஸ் மாநிலத்திலுள்ள பிறவுன்வால்ட் என்னும் சிற்றூரைத் தெரிந்தோம்.

அவ்வூருக்கு மோட்டார் வண்டிகள் செல்வதில்லை. சூரிச்சிலிருந்து லின்தால் வரை புகையிரதத்திற் சென்று, அங்கிருந்து வடத்தால் இழுக்கப்படும் மலைவண்டியில் ஏறவேண்டும். அவ்வண்டி 1907ஆம் ஆண்டு முதல் ஓடுகின்றது. ஊரின் உயரம் ஏறத்தாழ 1,250 மீற்றர். எமது பண்டாரவளையின் உயரத்துக்கு ஒப்பானது. அதற்கு மேலுள்ள கூமன் என்னும் இடம் ஏறத்தாழ 1,900 மீற்றர், நுவரெலியாவுக்கு நிகர். ஒத்த உயரத்தில் இங்கே தேயிலை தளிர்க்க, அங்கே பனி உறைவதற்குக் காரணம் அகலக்கோடு. பண்டாரவளை ஏழாம் பாகைக்கு அண்மையிலும், பிறவுன்வால்ட் நாற்பத்தேழாம் பாகைக்கு அண்மையிலும் உள்ளன. புவியியல் கற்கும் மாணவர் இதனை நினைவிற் கொள்க.

இம்மாநிலத்தைத் தெரிந்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. சுவிற்சர்லாந்தின் முதலாவது பனிச்சறுக்குக் கழகம் 1893இல் கிளாறுஸிலேயே அமைந்தது. அதற்கு முன்னின்ற கிறிஸ்தோவ் இசெலின் என்பார், ஊரார் நகைப்புக்கு அஞ்சி, தொடக்கத்தில் இருளிலேயே பயின்றார் என்பர். செர்லொக் ஹோம்ஸ் கதைகளை இயற்றிய கொனன் டொயில், மனைவியாரின் காசநோய்ச் சிகிச்சையின் பொருட்டுத் தாவோசில் தங்கியிருந்தபோது இவ்வித்தையைப் பயின்று, 1894 மார்ச் மாதத்தில் மலை கடந்து அறோசா சென்றார். அப்போது அவர் வயது முப்பத்து நான்கு. இச்செய்திகளை நண்பருக்குக் கூறினோம். “அப்ப, வெக்கப்பட்டது நான் மட்டும் இல்லை” என்றார்.

திட்டத்திற் குறைகளும் உள. உயரம் குறைந்த ஊர்களிற் பனி நிச்சயமன்று. உலகம் வெம்மையுறும் இந்நாளில் அந்நிச்சயமின்மை மேலும் வளர்கின்றது. டிசம்பரைத் தவிர்த்து, பிள்ளைகளின் பெப்ரவரி விடுமுறையைக் கொண்டோம். பனி பொய்த்தால் நீக்கிக்கொள்ளத்தக்க வகையிலேயே தங்குமிடத்தை ஒழுங்கு செய்தோம். பலகையும் காலணியும் தலைக்கவசமும் வாடகைக்குப் பெறலாம். விலைக்கு வாங்குதல் வீண். உடம்பை ஒட்டிய உடை பருத்தியாயின் வியர்வையை உறிஞ்சிக் குளிரூட்டும், கம்பளியே நன்று. சரிவுகளுள் நீல அடையாளமிட்டவை எளியன, சிவப்பு இடைத்தரமானவை, கறுப்பு வல்லோர்க்குரியன. நாமிருவரும் நீலத்தைத் தாண்டுவதில்லை என உறுதிபூண்டோம். விசாவுக்கு, 30,000 யூரோவேனும் ஈடுசெய்யும் மருத்துவக் காப்புறுதி வேண்டும். அது பனிச்சறுக்கில் நேரும் காயத்தையும் ஏற்குமோ என்பதைத் தனியே கேட்டறிதல் அவசியம்.

விண்ணப்பத்துக்கு விடை இன்னும் வரவில்லை. மலர் அச்சேறும் வேளையிலும் வாராதிருக்கலாம், மறுப்பாகவும் வரலாம். அதனை நண்பருக்கு எடுத்துரைத்து, “நான் வராவிட்டாலும் நீ ஏறுவாயா?” எனக் கேட்டோம். அவர் விடை கூறுமுன் தொலைபேசி மகளின் கைக்கு மாறியது. சில ஆண்டுகளாக ஞாயிறுதோறும் யாம் தமிழ் சொல்லிக் கொடுக்கும் பிள்ளை அவள். ழகரம் அவள் நாவிற் படிவதற்கு நெடுநாள் சென்றது.

“மாமா, அப்பாவுக்கு நான்தான் ரீச்சர். நிப்பாட்டுறதுக்குப் பலகையின்ரை முன்முனை ரெண்டையும் கிட்டக் கொண்டுவந்து பின்பக்கத்தை அகட்டோணும். அதுக்கு முதல் விழப் பழகோணும். பின்னாலை இல்லை, பக்கவாட்டிலை. நீங்களும் பழகுங்கோ.”

‘விழ’ என்னும் சொல்லில் ழகரம் பிழையின்றி ஒலித்தது. பின்னணியில் நண்பர் நகைக்கும் ஒலியும் கேட்டது. விசா வரினும் வாராதொழியினும், பெப்ரவரியில் அவர் மகளுக்குப் பின்னே அம்மலையேறுவார் என்பதில் எமக்கு ஐயமில்லை. இதே கல்லூரியின் முற்றத்தில் ஒன்றாக விழுந்து எழுந்தவர் நாம். இன்னுமொருமுறை ஒருங்கே விழும் பேறு வாய்க்குமாயின், அடுத்த மலரில் அதனையும் எழுதுவோம்.