முதலில் பிரேக், அப்புறம் எஞ்சின்

ஓடாமல் கிடக்கும் காரைக் கண்டால் எவருக்கும் முதலில் வரும் ஆசை எஞ்சின் சத்தத்தைக் கேட்பதுதான். தாம்பரத்தில் சித்தப்பா வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்க்க நானும் பேட்டரியோடுதான் போனேன். கூட வந்த பாய் அதைத் தொடவே இல்லை. "ஓரமா வை தம்பி. ஓடாத வண்டியால எவனும் சாவல. நிக்காத வண்டியாலதான் சாவுறான்" என்றார்.

புதுப்பேட்டையில் ஆயுசின் பெரும்பகுதியைக் கழித்த மெக்கானிக் அவர். கண் மங்கியதால் கடையை மகனிடம் விட்டுவிட்டார். கூலி வேண்டாம் என்றவர், ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஸ்பேனரை நான்தான் பிடிக்க வேண்டும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லுவார்.

ஹெரால்டை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. பிறந்த வீடு இங்கிலாந்தின் ட்ரையம்ப். ஆனாலும் எனக்கு அது மெட்ராஸ் வண்டிதான். 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் இதை இங்கே, வண்டலூர் பக்கம் செய்தது. நான்கு கதவு வைத்த ஹெரால்டு இங்கிலாந்தில் கிடையாது, நம் ஊரில் மட்டும்தான். சித்தப்பாவுடையது அந்த வகை. பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை பார்க்கலாம். கற்றுக்குட்டிக்கு இதைவிட வசதியான வண்டி அமையாது.

முதல் பாடம் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி நின்றே கிடந்தால் அந்த ஈரம் சிலிண்டருக்குள் துருவாகிவிடும். ரப்பர் கப் விறைத்துப் போகும். நான்கு டிரம்மையும் கழற்றினோம். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் மாறின. இங்கே இன்னொன்றும் தெரிந்தது: இந்த வண்டியின் நட்டெல்லாம் இஞ்ச் அளவு. 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்தான் பிடிக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து அழுத்தினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். காற்று எடுப்பதிலும் வரிசை உண்டு. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்கி, கடைசியில்தான் டிரைவர் பக்க முன்சக்கரத்துக்கு வர வேண்டும்.

எஞ்சின் 948 சிசி. அதற்கும் உடனே சாவி போட விடவில்லை. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினோம். பிஸ்டன் அசைந்தது. பாய் பீடியைப் பற்றவைத்தார்.

நான் ரசித்துக் கற்றது டாப்பெட் வைப்பதைத்தான். நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது முதலாவது முழுக்க மூடியிருக்கும். அப்போது முதலாவதைச் சரிசெய்யலாம். ஆறு திறந்தால் மூன்று. நான்கு திறந்தால் ஐந்து. ஏழு திறந்தால் இரண்டு. எந்த ஜோடியைக் கூட்டினாலும் ஒன்பது வரும். புத்தகம் பார்க்காமலேயே எட்டையும் முடித்துவிடலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி 10 தௌ, அதாவது கால் மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் எந்த அளவு இறுக்கத்தில் வர வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை. "புது நோட்டுக்கட்டுல இருந்து ஒரு நோட்டை உருவற மாதிரி வரணும்" என்றார் பாய். சந்தேகம் வந்தால் லூசாக விடு என்பது அவர் கட்சி. லூசான டாப்பெட் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். டைட்டானது சத்தமே போடாமல் வால்வைக் கருக்கிவிடும்.

பெட்ரோல் விஷயத்தில் மட்டும் பாய்க்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஆகாது. டேங்க்கை இறக்கிக் கழுவியதோடு பெட்ரோல் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினோம்.

டிங்கர் வேலையை வெளியே கொடுத்தோம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பையில் ஒரு சின்ன காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பாடியில் அது ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. பெயிண்ட், சீட் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; காசு கொடுத்தால் நடக்கிற வேலை.

இன்னொரு வேலையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ்முனை, ட்ரனியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் மரையில் திரும்புகிறது. அதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். ஆயில் ஏற்றும் வாய் பார்ப்பதற்கு கிரீஸ் நிப்பிள் மாதிரியே இருப்பதால் பல ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் மேலேயே காய்ந்து நிற்கும். உள்ளே தண்ணீர் புகுந்து இரும்பு துருப்பிடிக்கும். ஒருநாள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எங்கள் வண்டியிலும் கிரீஸ்தான் இருந்தது. முழுக்கக் கழற்றிக் கழுவி, கிரீஸ் கன்னில் ஆயிலை நிரப்பி ஏற்றினோம்.

உங்கள் வீட்டில் ஹெரால்டு ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த சர்வீஸில் அந்த இடத்தில் என்ன அடிக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கிரீஸ் என்றால், கழற்றிக் கழுவி ஆயில் போட்ட பிறகு வண்டியை எடுங்கள்.