வெளிச்சம் குறைந்த தொட்டியில் ஓர் இலங்கைச் செடி

ஜூலை, இரண்டாம் வாரம்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் செடி கேட்டால், "லைட் என்ன போட்டிருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பெரம்பூரிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தார். 2 அடி நீளத் தொட்டி, சுமார் 70 லிட்டர் தண்ணீர், மேலே ஒரேயொரு 10 வாட் எல்.இ.டி. பட்டை. தொட்டி இருப்பது கூடத்தின் உள்சுவர் ஓரம். ஜன்னல் வெயில் அங்கே எட்டாது. கரியமில வாயு சிலிண்டர் வாங்கும் எண்ணமும் இல்லை.

கடைக்காரர் சிவப்புத் தண்டுச் செடிகள் பளபளத்த தொட்டிகளைத் தாண்டிப் போய், மூலையில் சின்னக் கூடைகளில் நின்ற பழுப்பும் பச்சையும் கலந்த செடியைக் காட்டினார். கிரிப்டோகொரைன் வென்ட்டி. கடைப் பேச்சில் வெறும் 'கிரிப்ட்'.

"எடுத்துட்டுப் போங்க டீச்சர். ஆனா ஒண்ணு, ஒரு வாரம் பத்து நாள்ல இலையெல்லாம் கரைஞ்சுடும். செத்துப் போச்சுன்னு பிடுங்கிப் போட்டுடாதீங்க."

ஒரு பக்கம் கோடும் எதிர்ப்பக்கம் வெள்ளைத் தாளுமாக இருக்கும் பள்ளி ரெக்கார்டு நோட்டில் டீச்சர் அன்றே முதல் குறிப்பை எழுதினார். இந்த நாட்குறிப்பு அந்த நோட்டைத் தொடர்ந்து போகிறது.

ஜூலை, அதே வார ஞாயிறு

நடுவதற்கு முன் வேரைச் சுற்றியிருந்த ராக்வூல் என்னும் நார்ப்பஞ்சைக் கிள்ளிக் கிள்ளி எடுப்பதிலேயே காலைப் பொழுது போனது. இடுக்கி முனையால் பிரித்தாலும் நார்கள் வேரோடு ஒட்டிக்கொண்டு வரும். அவசரப்பட்டால் வேர் அறும். உள்ளே வெள்ளை வேர்கள் வளையம் வளையமாகச் சுருண்டிருந்தன. அத்தனை சிறிய செடிக்கு அவ்வளவு வேர்!

இந்தச் செடி உணவில் பெரும்பங்கை வேர் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் தண்ணீர் தெளியும்வரை கழுவிய மணலை விரற்கடைக் கணக்கில் பரப்பினால் போதாது, 6 செ.மீ. ஆழமாவது வேண்டும். மணல் தானாகச் சத்து தராது என்பதால் செடிக்கருகில் ஓர் உர மாத்திரையை ஆழப் புதைத்தார். வேர் முழுக்க மணலுக்குள், இலைக்காம்புகள் கூடும் குருத்துப் பகுதி மணலுக்கு மேலே. குருத்தும் புதைந்தால் அழுகும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். முந்தின இரவே பக்கெட்டில் பிடித்து வைத்தது அதற்காகத்தான். போர் தண்ணீரை ஊற்ற நேர்ந்தாலும் அதன் உப்பைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கடின நீரைத் தாங்கும் கிரிப்டுகளில் வென்ட்டிக்குத் தனி இடம் உண்டு.

ஜூலை, கடைசி வாரம்

கடைக்காரர் சொன்னது நடந்தது. முதலில் வெளி இலைகளில் ஊசிமுனை அளவு ஓட்டைகள். மறுநாள் விளிம்பு கண்ணாடிபோல் வெளிறியது. அதற்கடுத்த நாள் தொட்டவுடன் இலை கூழாகி விரலில் ஒட்டியது. வார முடிவில் மணலுக்கு மேலே இரண்டு மொட்டைக் காம்புகளே மிச்சம்.

டீச்சரின் பேரன் பதறிவிட்டான். "பாட்டி, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாமா?" டீச்சர் அவன் விரலைப் பிடித்துக் குருத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கெட்டியாக இருந்தது. லேசாக இழுத்தால் மணல் வேரைப் பிடித்துக்கொண்டது. அழுகிய செடிக்கு அந்தப் பிடிப்பு இராது. அது கையோடு வந்துவிடும், நாற்றமும் அடிக்கும்.

மீன் வளர்ப்போர் இதை 'கிரிப்ட் மெல்ட்' என்கிறார்கள். நர்சரிகளில் பெரும்பாலும் இந்தச் செடியை ஈரத் தட்டுகளில், இலைகள் காற்றில் நிற்கும்படி வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலை தடிப்பானது, மெழுகுப் பூச்சு உள்ளது. நீருக்கடியில் அது உதவாது. நீரிலேயே வளர்ந்த செடிகூட, தண்ணீரின் தன்மையோ வெப்பமோ வெளிச்சமோ சட்டென்று மாறினால் இலைகளை இழந்துவிட்டுப் புது இலைகளைத் தொடங்கும். வேரும் கிழங்கும் உயிரோடு இருக்கும்வரை செடி பிழைக்கும். கொஞ்சம் தெரிந்துகொண்டால் எத்தனையோ செடிகள் குப்பைக்குப் போகாமல் தப்பும் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கரைந்த இலைகளை டீச்சர் காம்படியில் கத்தரித்து வெளியே எடுத்தார். அழுகும் இலை அம்மோனியாவைக் கிளப்பும். தொட்டியில் இன்னும் மீன் விடாததற்கும் அதுதான் காரணம்.

ஆகஸ்ட், மூன்றாம் வாரம்

குருத்தின் நடுவில் ஒரு சுருள். அரிசி நீளம்கூட இல்லை, நுனி செம்பழுப்பு. டீச்சர் லென்ஸ் வைத்துப் பார்த்து வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் வரைந்தார். இலை சுருட்டிய பாய்போல் ஓரத்தின் மேல் ஓரமாகச் சுருண்டிருந்தது. விரியும்போது ஒரு பக்க விளிம்பு முதலில் பிரிந்தது. விரிந்த இலை பழைய இலையைவிட மெல்லியது, விளிம்பில் அலை அதிகம், நடுநரம்பு அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பு. இது தண்ணீருக்கென்றே பிறந்த இலை.

ஆகஸ்ட், கடைசி வாரம்

மழை பெய்த மாலையில் புத்தகங்களைப் புரட்டியதில் கிடைத்தவை.

கிரிப்டோகொரைன் சேம்பின் குடும்பம். இந்தப் பேரினம் இந்தியா, இலங்கை தொடங்கி நியூ கினி வரை ஓடைகளிலும் ஆற்றங்கரைகளிலும் பரவியிருக்கிறது. வென்ட்டி இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளர்வது. ஹாலந்துத் தாவரவியலாளர் டி விட் 1958இல் அதை விவரித்து, ஜெர்மனியின் மீன் வளர்ப்பாளர் ஆல்பெர்ட் வென்ட்டின் பெயரைச் சூட்டினார். புத்தளம் மாவட்டத்தில் கடலில் சேரும் மீ ஓயா ஆற்றின் பெயரிலேயே வென்ட்டியின் ஒரு வகை உலகம் முழுக்க விற்பனையாகிறது. சற்று நீண்ட, செம்பழுப்பு இலை அதற்கு.

இயற்கையில் இந்தச் செடிக்கு இரண்டு வாழ்க்கை. மழைக்காலத்தில் ஓடை ஏறும்போது மரநிழலில், கலங்கிய நீருக்கடியில் கிடக்கும். கோடையில் நீர் வடிந்ததும் சேற்றில் காற்றோடு நின்று பூக்கும். பூ என்பது குழாய் வடிவ மடல். அடியில் ஒரு சின்ன அறை. சிறு ஈக்கள் மணத்துக்கு மயங்கி அதற்குள் இறங்கி, சிறிது நேரம் சிறைப்பட்டு, மகரந்தம் பூசிக்கொண்டு விடுதலையாகும். கூடத்து மூலையின் மங்கல் வெளிச்சம் இதற்கு எப்படிப் போதுகிறது என்பதற்கு அந்த மரநிழலே விடை. வேகமாக வளரும் தண்டுச் செடி ஒன்றுக்கு இந்த வெளிச்சத்தில் வரவைவிடச் செலவு மிகுந்துவிடும். கிரிப்டின் செலவு குறைவு. குறைந்த ஒளியில் செய்யும் உணவே அதற்கு மிஞ்சுகிறது.

நமக்கும் உறவு உண்டு. கிரிப்டோகொரைன் ஸ்பைராலிஸ் தென்னிந்திய நீரோரங்களில் வளர்வது. அதன் கிழங்கு நாட்டு அதிவிடயம் என்ற பெயரில் நாட்டு மருந்துகளில் சேர்கிறது. சித்த மருந்து வாங்குகிற எத்தனை வீட்டில் அதே குடும்பத்துச் செடி மீன் தொட்டியிலும் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்?

செப்டம்பர்

உறவினர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு விளக்கு வாங்கித் தருவதாகச் சொன்னார். டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார், காரணத்தோடு.

மெதுவாக வளரும் செடியால் கூடுதல் ஒளியை உடனே பயன்படுத்திக்கொள்ள முடியாது. பாசியால் முடியும். மாதக்கணக்கில் நிலைத்து நிற்கும் இலை என்பதால் அதில் பாசி குடியேறப் போதுமான காலமும் கிடைத்துவிடும். பச்சைப் புள்ளிப் பாசி படிந்த பழைய இலையைத் துடைத்து மீட்பது கடினம், கத்தரிப்பதே வழி. எனவே விளக்கின் டைமர் 7 மணி நேரத்துக்கு மேல் போகாது. மதியம் 3 மணிக்கு எரியும், இரவு 10 மணிக்கு அணையும். வீட்டார் கூடத்தில் உட்காரும் நேரமும் அதுதான்.

குறைந்த ஒளியில் இலை சற்று நீண்டு, பச்சை கூடி வரும். பிரகாசத்தில் குட்டையாக, சிவந்து, மணலோடு படியும். கடைப் படத்திலிருக்கும் செம்பு நிறத்தை எதிர்பார்த்து இப்படிப்பட்ட தொட்டியைக் குறை சொல்வது நியாயமாகாது. நீண்ட பச்சை இலை நீரோட்டத்தில் அசையும் அழகு தனி.

அக்டோபர், வடகிழக்குப் பருவமழை

செர்ரி பார்ப் மீன்கள் வந்தன. இதுவும் இலங்கைக்கே உரியது. தென்மேற்கின் நிழலான ஓடைகளைச் சேர்ந்தது. இலங்கை விலங்கியலாளர் தெரணியகல 1929இல் விவரித்த இனம். பண்ணையில் பிறந்தவையா என்று கேட்டுத்தான் வாங்கினார். மங்கலான தொட்டியில் இவை ஒளியாமல் உலவுகின்றன. ஆண்கள் ஒன்றையொன்று சுற்றும்போது இரத்தச் சிவப்பாகின்றன. இலையைக் கடிப்பதில்லை.

நவம்பர், டிசம்பர்

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றம். மணலைக் கிளறுவதில்லை, செடியை இடம் மாற்றுவதில்லை. குறிப்பு நோட்டில் பெரும்பாலும் ஒரே வரி: ஓர் இலை கூடியது.

பிப்ரவரி, முதல் வாரம்

தொட்டியின் முன்கண்ணாடி ஓரமாக மணலுக்கடியில் ஒரு வெள்ளை ஓடுதண்டு போவதைப் பேரன்தான் கண்டுபிடித்தான். தாய்ச் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி அதன் முனையில் மூன்று இலைக் குட்டி. குட்டிக்குச் சொந்த வேர் பிடிக்கும்வரை தண்டை வெட்டக் கூடாது என்று டீச்சர் அவனுக்கு ஆணையிட்டார்.

குட்டிகள் பெருகும்போது ஒரு பொறுப்பும் சேர்கிறது: மிச்சச் செடி நீர்நிலைக்குப் போய்விடக் கூடாது. அமெரிக்காவின் டெக்சாஸில் சான் மார்கோஸ் ஆறு ஊற்றுநீரால் ஓடுவது. ஆண்டு முழுக்க ஒரே மிதவெப்பம். வென்ட்டியைப் போலவே இலங்கையைச் சேர்ந்த கிரிப்டோகொரைன் பெக்கெட்டி 1990களில் அங்கே வேரூன்றி ஆற்றடியில் பரவியது. மீன் தொட்டிச் செடியாக விற்கப்படும் இனம் அது. அந்த ஆற்றைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத டெக்சாஸ் காட்டரிசியின் இடத்தை அது நெருக்கியதால், அரசு ஆட்களை இறக்கி வேரோடு உறிஞ்சி எடுக்க வேண்டியதாயிற்று. இலங்கை ஓடையில் அடக்கமாக வாழும் செடிதான்! நம் ஏரிகளில் ஆகாயத்தாமரையும் 'டேங்க் கிளீனர்' மீனும் செய்கிற வேலையைப் பார்த்தவர்கள் மிச்சச் செடியைக் கால்வாயில் வீசத் துணிய மாட்டார்கள். வெட்டிய இலை, வேர் எதுவானாலும் வெயிலில் காயவைத்த பிறகே டீச்சர் வீட்டுக் குப்பைக்குப் போகிறது.

ஏப்ரல், அக்னி நட்சத்திரத்துக்கு முன்

தொட்டியில் 31 டிகிரி. இந்தச் செடிக்கு 22 முதல் 28 வரை சுகம். தொட்டி மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பின் குறுக்கே காற்று வீசும்படி ஒரு சின்ன மேசை மின்விசிறி வைக்கப்பட்டது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகும். மாலைக்குள் 2 டிகிரி இறங்கியது. ஆவியான அளவுக்குத் தினமும் காலையில் நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும். இதற்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி: ஆவியில் போவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கடின நீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

இரண்டு இலைகளில் ஓட்டை விழுந்தது. அதற்கு மேல் பரவவில்லை.

மே, இரண்டாம் வாரம்

வேர் பிடித்த குட்டிகளில் ஒன்று எதிர்வீட்டுக்குப் போனது. "இலை கரைஞ்சா என்கிட்ட வா, தூக்கிப் போடாதே" என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் சொல்லியனுப்பினார். இன்னொன்றுக்கு வேறு திட்டம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் களிமண்ணும் மணலும் கலந்து, மண் மட்டம் வரை நீர் ஊற்றி, குட்டியை நட்டு, வாயை பாலித்தீன் தாளால் கட்டி, வெயில் நேராகப் படாத சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறார். நீரடி இலைகள் கருகிப்போகாமல் இருக்க உள்ளே ஈரம் வேண்டும். காற்று இலைகள் வந்து செடி திடமானதும் தாளில் ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகப் போட்டு வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். தண்ணீருக்குள் அரிதாகவே பூக்கும் இந்தச் செடி, சேற்றில் நின்றால் மடல் விரிக்கும். ஈ நுழையும் அந்த அறையைக் குறுக்கே வெட்டிப் பேரனுக்குக் காட்ட, ரெக்கார்டு நோட்டில் ஒரு வெள்ளைப் பக்கம் ஒதுக்கியாயிற்று.