சாலையை விடாத சக்கரம்

பந்தயம் நடக்கும் நாளில் கோவை செட்டிப்பாளையம் பக்கம் போனால், கண்ணுக்குக் களம் தெரிவதற்கு முன்பே காதுக்கு இன்ஜின் சத்தம் வந்துவிடும். 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அங்கேதான் இருக்கிறது. மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கி, 1995-இல் விமான விபத்தில் இறந்துபோன எஸ். கரிவர்தனின் பெயர் அதற்கு. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊரில் வளர்ந்தவர்தான். பம்புசெட்டுக்கும் நூற்பாலைக்கும் பாகம் கடைந்து பழகிய லேத் பட்டறைக்காரர்கள் இருந்ததால்தான் கார்ப் பந்தயம் இங்கே வேர்விட்டது என்பது என் எண்ணம். ஓட்டுநரின் பெயர் செய்தித்தாளில் வரும். அவருடைய காரின் அடியில் படுத்துக் கிடந்தவரின் பெயர் வராது. அப்படிப்பட்ட ஒருவரின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் நகரின் தென்புறத்தில் உள்ள ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன்.

தகரக் கூரை, இரண்டு லிஃப்ட், சுவரில் வரிசையாக ஸ்பேனர்கள். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர். இளவயதில் பந்தய அணிகளுக்கு வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தக்காரர்களின் கார்களுக்கு சஸ்பென்ஷன் வேலை மட்டும் எடுத்துச் செய்கிறார். உதவிக்கு இரண்டு பையன்கள்.

அன்றைக்கு வந்திருந்தது ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைத்திறன். புனே அருகே சாக்கனில் தயாராகி, 2022-இல் நிறுத்தப்பட்ட வரிசை. இன்னமும் அதைத் தேடிப்பிடித்து வாங்கும் இளைஞர்கள் இங்கே நிறைய. இந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்த தம்பிக்கு ஐ.டி. வேலை. பாலத்து இணைப்பில் ஏறி இறங்கினால் வண்டியின் மூக்கு ரெண்டு தடவை எழும்பி அடங்குகிறது, வளைவில் சாய்கிறது என்றார். ஸ்பிரிங்கை மாற்றி 40 மில்லிமீட்டர் இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பது அவர் எண்ணம்.

"எறக்கறது இருக்கட்டுங் தம்பி. சக்கரம் ரோட்ட உடாம ஓடுதான்னு மொதல்ல பாத்துக்கலாமுங்க" என்றார் மாஸ்டர்.

இந்த ஒரு வாக்கியத்தில் அந்தத் தொழில் முழுக்க இருப்பதாக எனக்குப் பட்டது. விறைப்பாக இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்று நம்மில் பலர் நம்புகிறோம். உண்மையில் காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் டயர் சாலையைத் தொடும் உள்ளங்கையளவு இடம். அந்தப் பிடி விடாமல் பார்த்துக்கொள்வதுதான் சஸ்பென்ஷனின் வேலை. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, பள்ளத்தை விழுங்குகிறது. ஆனால் விழுங்கிய சக்தியை அது திருப்பிக் கொடுத்தே தீரும். அப்படித் திரும்பும் சக்தியை எண்ணெய்க்குள் வெப்பமாக்கிக் கரைப்பது ஷாக் அப்சார்பர். ஷாக் தேய்ந்த காரில் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால், ஆட்டம் அடங்காது, இன்னும் வேகமாக ஆடும்.

விறைப்பான ஸ்பிரிங்கின் கணக்கும் நாம் நினைப்பதைவிடக் கடுமையானது. கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப விறைப்பு ஏறுகிறது. விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடும். சுருள்களைக் குறைத்தாலும் விறைப்பு ஏறும். சில இடங்களில் இதையே குறுக்கு வழியாக்கி, கேஸ் வைத்து ஒரு சுற்றை அறுத்துத் தள்ளிவிடுகிறார்கள். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடுகிறது, அறுத்த முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. அப்படி அறுத்த ஸ்பிரிங் ஒன்றை மாஸ்டர் ஒரு மூலையில் வைத்திருக்கிறார். இறக்கித்தரச் சொல்லி வருகிறவர்களிடம் அதை எடுத்துக் கையில் கொடுப்பாராம்.

பரிசோதனை டயரில் தொடங்கியது. காற்றழுத்தம், தேய்மானம், டயரின் வயது. பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றி லோயர் ஆர்ம் புஷ்ஷுக்குள் கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்பிப் பார்த்தார். ரப்பர் கிழிந்திருந்தது. லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டினார். 'டக்' என்று ஒரு சத்தம். முன் ஷாக் ஒன்றில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருந்தது. "இத்தனையும் போயிக் கெடக்குது. ஸ்பிரிங் என்னங்க பண்ணும், பாவம்" என்றார். கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு புஷ், லிங்க் ராட், மவுண்ட் மாற்றுவது, நாலு சக்கரத்துக்கும் நல்ல ஷாக் போடுவது என்று முடிவானது. அந்தத் தம்பிக்கு முழு மனசில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

புதிய ஷாக்குகள் ஜெர்மனித் தயாரிப்பு, மோனோட்யூப் வகை. வழக்கமான ஷாக்கில் குழலுக்குள் குழலாக இரண்டு இருக்கும். தொடர்ந்து அடி வாங்கினால் எண்ணெய் சூடாகி நுரைக்கும், பிடிமானம் தளரும். மோனோட்யூபில் ஒரே குழல்தான். எண்ணெயையும் அழுத்தமான நைட்ரஜனையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைக்கிறது. நுரைக்க வழியில்லை. எண்ணெய் இருக்கும் குழலின் மேலேயே காற்று படுவதால் சூடும் சீக்கிரம் இறங்கும். பிரான்ஸின் தெ கார்போன் உருவாக்கிய வழியை பில்ஸ்டைன் நிறுவனம் 1950-களில் பெரிய அளவில் கார்களுக்குக் கொண்டுவந்தது. புதிய ஷாக்கின் தண்டை அழுத்திப் பார்க்கச் சொன்னார் மாஸ்டர். உடம்பு எடையைக் கொடுத்து அழுத்தினேன். உள்ளே போனது, கையை எடுத்ததும் சீராக, அவசரமில்லாமல் முழு நீளத்துக்கும் எழுந்து நின்றது. கழற்றிய பழையது போன இடத்திலேயே கிடந்தது.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டைக் கழற்றும் வேலையை அருகில் நின்று பார்த்தேன். இந்தக் காரில் ஸ்ட்ரட்டின் அடிப்பாகம் சக்கரத்தைத் தாங்கும் வார்ப்புக்குள் செருகி நிற்கும், அந்த வார்ப்பில் ஒரு பிளவு உண்டு. போல்ட்டை எடுத்துவிட்டுப் பிளவுக்குள் ஒரு சின்ன ஸ்பிரெடரை நுழைத்துக் கால் சுற்று திருப்பினால் வாய் விரியும். சுத்தியலால் அடித்து இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அடித்தால் பேரிங் கெடும் என்று பையனுக்குச் சொல்லிக்கொண்டே, துருவில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தார் மாஸ்டர். அந்தக் காத்திருப்பு நீண்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்தது ஆபத்தான கட்டம். ஸ்பிரிங்கின் இரு பக்கமும் கம்ப்ரஸர் கொக்கிகளை மாட்டி, ஒரு பக்கம் சில சுற்று, மறுபக்கம் சில சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கி அழுத்துகிறார்கள். இருநூறு, முந்நூறு கிலோ எடை மேலே உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு அமுங்கி நிற்கும் எஃகு அது. கொக்கி நழுவினால் கை போகும், கண் போகும். மாஸ்டரின் இடது புறங்கையில் மணிக்கட்டு வரை ஒரு தழும்பு ஓடுகிறது. "ஸ்பிரிங்குக்கு நேரா மொகத்தக் கொண்டுபோகாத கண்ணு, சைடுல நில்லு" என்றார். "சரிங்ணா" என்று பையன் நகர்ந்து நின்றான். மேல் நட்டைக் கழற்றவும் பூட்டவும் ஏர் கன்னை எடுக்க அவர் விடுவதில்லை. தண்டு சேர்ந்து சுழன்றால் உள்ளே இருக்கும் சீல் பாழாகும். ஆலன் கீயால் தண்டைப் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரால் கையாலேயே திருப்பினார்கள்.

அந்தப் பையன் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவன். அவன் பூட்டிக்கொண்டிருந்த ஷாக் செட்டின் விலை அவனுடைய பல மாதச் சம்பளம். ஒவ்வொரு நட்டையும் டார்க் ரெஞ்சில் முறுக்கி முடித்ததும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டான். நட்டு நகர்ந்தால் கோடு முறிந்து தெரியும். இவ்வளவு கவனமாக வேலை செய்கிறவனுக்கு இதைவிட நல்ல கூலி கிடைக்க வேண்டும் என்று அங்கே நின்றபோது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். வாடிக்கையாளர் பாகத்துக்குப் பேரம் பேசுவதில்லை, லேபருக்குத்தான் பேசுகிறார் என்றார் மாஸ்டர்.

லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை மட்டும் அவன் தளர்வாகவே விட்டான். காரணம் கேட்டேன். வண்டி தொங்கும்போது முறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். நாலு சக்கரமும் தரையில் நின்று எடை இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. இந்தக் காரில் பிய்ந்து கிடந்த பழைய புஷ் அப்படித்தான் வீணாகியிருக்க வேண்டும் என்பது மாஸ்டரின் கணிப்பு. கேட்டதும் எளிதாகத் தோன்றும் விஷயம். ஆனால் தெரியாமலோ அவசரத்திலோ தவிர்க்கப்படுவது இதுதான்.

அலைன்மென்ட் பார்த்து முடித்து, போத்தனூர் வழியாகச் செட்டிப்பாளையம் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனோம். மாஸ்டர் ஸ்டியரிங்கில், கார்க்காரத் தம்பி பக்கத்தில், நான் பின்னால். போகும் வழியில் முதல் ஸ்பீடு பிரேக்கரை மெதுவாகத் தாண்டியபோது முன்பைவிடக் கொஞ்சம் கெட்டியாகவே தெரிந்தது. அந்தத் தம்பியின் முகத்தில் ஒரு சந்தேகம். வேகம் கூடக் கூட நிலைமை மாறியது. ஒட்டுப்போட்ட தாரில் சத்தம் கேட்டதே தவிர உடம்பில் அதிர்வு ஏறவில்லை. சிறுபாலத்து இணைப்பில் மூக்கு ஒரு தடவை எழுந்து அதோடு அடங்கியது. வளைவு ஒன்றில் நடுவே குழி இருந்தது. மாஸ்டர் அதை ஒதுக்காமல் அதன்மேலேயே விட்டார். கார் வெளியே தள்ளவில்லை, ஸ்டியரிங்கைத் திருத்தவும் வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது தம்பி ஓட்டினார். அந்த வளைவில் அவரே பேச ஆரம்பித்தார்.

"சாயறது நெறைய கொறஞ்சிருக்குங்க மாஸ்டர். ஸ்பிரிங் பழசுதானுங்களே?"

"சாயும் தம்பி. மெதுவா சாஞ்சு, சாஞ்ச எடத்துல நிக்கும். முன்ன சாஞ்சுட்டு ஆடுச்சு, அதுதான் பயங் காட்டுச்சு."

ஸ்பிரிங் ஆசை அவருக்கு முழுதாகப் போய்விடவில்லை. பட்டறை வாசலில் இறங்கியதும் 20 மில்லிமீட்டராவது இறக்கலாமா என்று கேட்டார். மாஸ்டர் மறுக்கவில்லை. ஐந்து பேரும் சுமையும் ஏற்றி வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு வரச் சொன்னார். பின்னால் ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் வரை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தால், இறக்க இடம் இருக்கிறதா இல்லையா என்று வண்டியே காட்டிவிடும். அதை அளப்பதற்காக, பின் ஷாக்கின் தண்டில் பையன் ஒரு ஜிப் டையை இறுக்கி மாட்டிவைத்தான்.