கொய்ங்ங்... இது யார் போடும் சத்தம்?

காரில் போகும்போது செல்போனை சார்ஜரில் மாட்டி, அதே போனை ஆக்ஸ் வயர் வழியாக ஸ்டீரியோவுக்கும் கொடுத்துப் பாருங்கள். பல கார்களில் பாட்டுக்கு நடுவே ‘கொய்ங்ங்’ என்று ஒரு சத்தம் வரும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் ஏறும். காலை எடுத்தால் இறங்கும். சார்ஜரைப் பிடுங்கினால்... கப்சிப்! கார்ல இது வெறும் தொல்லை. பாட்டை நிறுத்திட்டுப் போயிடலாம். அதே சத்தம் ஒரு குட்டி விமானத்தில், பைலட்டின் காதுக்குள்ளேயே கேட்டால்?

நான் படிப்பது விமானப் பராமரிப்பு. அதில் பி2 பிரிவு, அதாவது ஏவியானிக்ஸ். இன்ஜினைப் பிரித்து மேய்கிற பி1 பசங்க, “நீங்கள்லாம் வயர் பார்ட்டிங்கடா” என்று கலாய்ப்பார்கள். ட்ரெய்னிங்குக்காக ஒரு ஃப்ளையிங் ஸ்கூல் ஹேங்கரில் இருந்தபோதுதான் அந்தப் புகார் வந்தது. நாலு சீட், ஒற்றை இன்ஜின் விமானம். பைலட் ட்ரெய்னிங்கில் இருந்த மாணவி ஒருவர் எழுதியிருந்தார்: ‘இடது ஹெட்செட்டில் விசில் சத்தம். டவர் பேசுவது சரியாகக் கேட்கவில்லை.’ கீழே பதில்: ‘தரையில் சோதித்தோம். குறை இல்லை.’ ஒரே வாரத்தில் இது மூன்றாவது முறை.

சிக்கல் என்னவென்றால், மாணவர் உட்காருவது இடது சீட். சொல்லித் தருகிறவர் வலது சீட். வலது பக்கம் சத்தமே இல்லை. ஆக, அவர் பார்வையில் நடந்தது இதுதான்: டவர் ரெண்டு தடவை கூப்பிட்டது, பொண்ணு பதில் சொல்லலை. ‘கவனம் போதாது’ என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி விழுந்தது. அவர் முதன்முதலாகத் தனியாகப் பறக்க வேண்டிய நாளும் தள்ளிப்போனது.

“ஒரு விசிலுக்கு இவ்ளோ சீனா?” என்று கேட்காதீர்கள். 1977 மார்ச் 27, டெனரிஃப் தீவு. பனிமூட்டத்தில் ஒரே ஓடுபாதையில் ரெண்டு போயிங் 747 மோதி 583 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பல காரணங்கள். அதில் ஒன்று: டவரும் இன்னொரு விமானமும் ஒரே நேரத்தில் பேசியதில், கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தின் காக்பிட்டில் சுமார் 4 விநாடிக்கு ஒரு கிறீச் சத்தம்தான் கேட்டது. ‘நாங்க இன்னும் ஓடுபாதையிலதான் இருக்கோம்’ என்ற தகவல் அந்தச் சத்தத்துக்குள் மூழ்கிவிட்டது. வானத்தில் பேச்சைச் சத்தம் முழுங்கினால் அது சின்ன விஷயமே இல்லை பாஸ்!

ஹேங்கரில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. “ரேடியோ அவுட்டு, மாத்திடு.” “ஆன்டெனா போச்சு.” “ஹெட்செட் மட்டம்.” எங்கள் சீனியர் டெக்னீஷியன் அண்ணன் மட்டும் என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி வைத்துக்கொண்டார். “மொதல்ல காது தம்பி. அப்புறம்தான் கை. இது என்ன சத்தம்னு கண்டுபிடி, யாரு போடுறான்னு அதுவே சொல்லிடும்” என்றார்.

அன்று அவர் சொல்லிக்கொடுத்த பாடம், எந்த செமஸ்டரிலும் எனக்குக் கிடைக்காதது.

‘டிக்... டிக்... டிக்’ என்று இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து துடித்தால், அது மேக்னெட்டோவும் ஸ்பார்க் பிளக் வயரும். விமான ரேடியோ பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, அதுவும் ஏ.எம். முறையில். ஸ்பார்க் மாதிரி வெடிப்புச் சத்தம் ஏ.எம்.முக்குள் ஈஸியாக நுழைந்துவிடும். வயரைச் சுற்றியிருக்கும் உலோக வலை எங்கேயாவது அறுந்திருந்தால் இந்தக் கூத்து.

‘உய்ய்ய்...’ என்று ஏறி, சட்டென்று நின்று, திரும்ப ஏறினால் அது இறக்கை நுனியில் பளிச்சிடும் ஸ்ட்ரோப் லைட். ஒவ்வொரு பளிச்சுக்கும் முன்னால் அதன் கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறுகிற சத்தம். மழையிலோ மேகத்திலோ மட்டும் ‘கரகர’ என்று பொரிந்தால், விமானத்தின் உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம். பெரிய விமானங்களின் இறக்கைப் பின் ஓரத்தில் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்குமே, அதெல்லாம் இந்த மின்சாரத்தைக் காற்றில் வடிய விடத்தான்.

இன்ஜின் வேகத்தோடு வழுக்கிக்கொண்டே ஏறி இறங்கும் விசில் என்றால், ஆல்டர்னேட்டர்! அது தருகிற மின்சாரம் நேர்கோடு கிடையாது. உச்சியில் குட்டிக் குட்டி அலை இருக்கும். 12 துருவம் உள்ள ஒரு ஆல்டர்னேட்டர் நிமிஷத்துக்கு 5000 தடவை சுற்றினால், அந்த அலை விநாடிக்கு 3000 தடவை துடிக்கும். மனுஷக் காது ரொம்பக் கூர்மையாகக் கேட்கிற இடமும் கிட்டத்தட்ட அதுவேதான். என்ன பொருத்தம் பாருங்கள்!

விமானத்தை வெளியே தள்ளி நிறுத்தினோம். இன்ஜின் ஓட்ட அனுமதி உள்ள இன்ஜினீயர் வலது சீட்டில் உட்கார்ந்தார். இடது சீட்டில் என்னை உட்காரச் சொன்னார் அண்ணன். “யாருக்குக் கேக்குதோ, அவங்க எடத்துல ஒக்காந்து கேளு.” முன்பு சோதித்தவர்கள் ‘குறை இல்லை’ என்று எழுதியது ஏன் என்பது அப்போதே புரிந்தது. அவர்கள் இன்ஜினை ஓட்டாமலே கேட்டிருக்கிறார்கள். சத்தம் போடுகிற ஆளே தூங்கும்போது எங்கேயிருந்து கேட்கும்?

இன்ஜின் ஓடியது. விசில் வந்தது. ரேடியோ வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைத்தேன். சத்தம் அப்படியே இருந்தது. ரேடியோவையே அணைத்தேன். அப்போதும் அப்படியே! ஆக, ரேடியோ நிரபராதி. ரேடியோவே இல்லாமல் சத்தம் வருவதால் ஆன்டெனாவும் நிரபராதி. ஸ்ட்ரோபை அணைத்தோம், மாற்றமில்லை. ஆல்டர்னேட்டர் சுவிட்சை அணைத்ததும்... நிசப்தம்!

உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடக் கூடாது. அதன் உள்ளே ஒரு டயோடு போயிருந்தால் அலை பெரிதாகிவிடும். அளந்து பார்த்தோம், அலை வழக்கமான அளவில்தான் இருந்தது. அப்படியானால் கேள்வியே மாறுகிறது: எல்லா விமானத்திலும் இருக்கிற அலை, இந்தக் காதுக்குள் மட்டும் எந்த வழியாக வருகிறது?

ஹெட்செட்டை இடம் மாற்றினோம். இடதை வலதில் செருகினால் சத்தம் இல்லை. வலதை இடதில் செருகினால் விசில். ஹெட்செட்டும் நிரபராதி. மிச்சம் இருந்தது இடது பக்க ஜாக் மட்டும்தான்.

குட்டி விமானங்களில் பெரும்பாலும் அலுமினிய உடம்பேதான் மின்சாரம் திரும்புகிற வயர். ஆல்டர்னேட்டர், லைட், மோட்டார் என்று எல்லாருடைய கரன்ட்டும் அதில் ஓடும். அதனால் இன்டர்காமின் ஒலிக்கு மட்டும் தனி வயர் போட்டு, ஒரே ஒரு இடத்தில் எர்த் செய்வார்கள். ஜாக் உடம்பைத் தொடாமலிருக்க, நடுவே ஒரு இன்சுலேஷன் வாஷர் வைப்பார்கள். அது இல்லாவிட்டால் ஒலிக்கு வீடு திரும்ப ரெண்டு வழி ஆகிவிடும்: ஒன்று அமைதியான தனித் தெரு, இன்னொன்று லாரி ஓடுகிற மெயின் ரோடு. மெயின் ரோட்டின் இரைச்சல் வீட்டுக்குள் வராமல் எங்கே போகும்? காதுக்கு எரிச்சல் மூட்ட சில மில்லிவோல்ட் போதும்.

இன்ஜினை நிறுத்தி, பவரைத் துண்டித்து, ஜாக்கில் இருந்த வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தோம். ஜாக்குக்கும் உடம்புக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. மீட்டர் ‘பீப்ப்’ என்று கத்தியது. ஜாக்கை வெளியே எடுத்தால், வாஷர் ரெண்டாக உடைந்து தொங்குகிறது. சட்டை பட்டன் சைஸ்தான் இருக்கும்!

புது வாஷர் போட்டு, திரும்ப இன்ஜினை ஓட்டி, இன்ஜினீயர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அந்த மாணவி பறந்துவிட்டு வந்து, “இதுல டவர் இவ்ளோ தெளிவா பேசுவாங்களாண்ணா?” என்று கேட்டார். அடுத்த வாரம் தனியாகவும் பறந்தார். ‘கவனம் போதாது’ என்ற வரியை யாரும் அடிக்கவில்லை. ஆனால் அதன் கீழே அவருடைய ஆசிரியரே எழுதிவிட்டார்: ‘காரணம் ஹெட்செட் ஜாக் பழுது. மாணவியின் குறை அல்ல.’

உங்கள் கிளாஸில், ஹாஸ்டலில், வீட்டில், “எனக்கு மட்டும் இப்படி இருக்கு” என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டேதான் இருப்பார். “எங்க யாருக்கும் இல்லையே” என்று அவர் வாயை அடைப்பது ரொம்ப ஈஸி. அடுத்த தடவை அவர் சீட்டில் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பாருங்களேன். இன்ஜினை ஓடவிட்டு!