எந்த ஊர் வண்டி?

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் திருச்சி விமான நிலையத்தில் இறங்கி கீரனூர் தாண்டுவதற்குள் நம்ம ஊர் ரோட்டைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பதால் எனக்கு இந்த வசவு பழகிவிட்டது. "நம்மாளுக்கு ஒழுக்கம் கிடையாது" என்றுதான் எப்போதும் முடிப்பார்கள். எம்.ஏ. சமூகவியல் படித்தபோது வகுப்பிலும் இதையே 'குடிமை உணர்வு' என்ற கொஞ்சம் பவிசான பெயரில் கேட்டிருக்கிறேன். எனக்கு இந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. துபாயில் கோட்டுக்குள் ஓட்டுகிற அதே ஆள்தான் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே தப்பான பக்கத்தில் வருகிறார். ஆள் மாறவில்லையே, பிறகு என்ன மாறியது?

பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், பதினோரு வருடம் துபாயில் வேன் ஓட்டியவர். ஸ்டியரிங் இடப்பக்கம், போவது வலப்பக்கம். ஊருக்கு வந்த முதல் வாரம் காருக்குள் ஏறும்போதெல்லாம் தப்பான கதவைத் திறப்பார். "அங்க ஹாரன் அடிக்கிறது ஆளை ஏசுற மாதிரி தங்கச்சி, தேவையில்லாம அடிக்க மாட்டானுக" என்பார். ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொன்று. லேசாக உரசினாலும் போலீஸ் வந்து யார் மேல் தப்பு என்று எழுதிக் கொடுக்கும். அந்தச் சீட்டு இல்லாமல் பட்டறைக்காரர் வண்டியைத் தொட மாட்டார். "பதினோரு வருசத்துல எவனும் என்னைய எந்தத் தெருன்னு கேட்டதில்ல" என்றார். கொஞ்சம் யோசித்து, "இந்தியனா, பாகிஸ்தானியான்னு பாப்பான். அது வேற" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தத் தெருக் கேள்வி எனக்குப் புரியும். போன பங்குனியில் ஆலங்குடிப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேகத்தடையில் ஸ்கூட்டியை மெதுவாக்கினேன், பின்னால் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்த இரண்டு பையன்கள் இடித்துவிட்டார்கள். என் வண்டியின் பின்விளக்கு உடைந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். "அடிபட்டுச்சாம்மா?" என்று யாரும் கேட்கவில்லை. "எந்த ஊரு?" என்றார்கள். சொன்னேன். "அங்க எந்தப் பக்கம்?" என்றார்கள். அதையும் சொன்னேன். 'நீங்க' என்று தொடங்கியவர் அடுத்த வாக்கியத்தில் 'நீ' என்றார். பின்னால் வந்து இடித்தவர்களின் தப்பு ஒரு நிமிடத்தில் என் தப்பாகிவிட்டது. "பொம்பளப்புள்ள பாத்துப் போகணும்ல." விளக்கை என் காசில் மாற்றினேன்.

வாகனம் ஓட்டுவதில் உள்ள மன அழுத்தம் என்றால் நெரிசல், வெயில், புழுதி, தனியார் பேருந்தின் ஏர்ஹாரன் என்று பட்டியல் போடுவார்கள். அதெல்லாம் எல்லோருக்கும் உண்டு. எங்களுக்கு அதற்கு மேல் ஒரு கணக்கு இருக்கிறது. முன்னால் போகிற வண்டியின் பின்கண்ணாடியில் சாதித் தலைவர் படமும் கொடி வண்ணமும் இருக்கிறது. ஹாரன் அடிக்கலாமா? ஜல்லிக்கட்டு மாதங்களில் குட்டியானையில் காளையை ஏற்றிக்கொண்டு, சுற்றிலும் பத்துப் பைக்குகளில் விசிலடித்துக்கொண்டு போகிறார்கள். முந்தலாமா, இல்லை பின்னாலேயே இரண்டு கிலோமீட்டர் ஊர்ந்து போகலாமா? நான் ஊர்ந்துதான் போவேன். என் தம்பி முந்துவான். அவன் வீடு வந்து சேரும்வரை அம்மா தூங்க மாட்டார்.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்ததாக ஒன்றிய அரசின் கணக்கு சொல்கிறது. வயது, பால், வண்டி வகை என்று பிரித்திருக்கிறார்கள். செத்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் நடந்துபோனவர். யாரால் ரோட்டில் யாரிடம் வழி கேட்க முடியும் என்பதற்கு அந்த அட்டவணைகளில் இடமில்லை.

இந்த நாட்டில் வண்டி ஓட்டுவது வெறும் போக்குவரத்தாக இருந்ததே இல்லை. 1893இல் அய்யன்காளி வெங்ஙானூரில் வில்வண்டி பூட்டிப் பொதுச்சாலையில் போனதே ஒரு போராட்டம். 1901இல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவன் அம்பேத்கரையும் உடன் வந்த பிள்ளைகளையும் ஏற்றிச் செல்ல மாட்டுவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். இரட்டிப்பு வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார் என்ற ஏற்பாட்டில்தான் கிளம்பினார்கள். 1929இல் அவர் பாரிஸ்டர். சாலிஸ்காவ் நிலையத்தில் மகர் மக்கள் அவரை அழைத்துப்போக வந்திருந்தார்கள். தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்டுவது தன் மதிப்புக்குக் குறைவு என்று எந்தக் குதிரைவண்டிக்காரரும் வரவில்லை. விருந்தாளியை நடக்கவிடக் கூடாதென்று அந்த மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத தங்களில் ஒருவரை உட்காரவைத்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே ஒரு மோட்டார் காரில் மோதவிருந்து தப்பினார்கள். சிறுபாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் சிக்கி, அண்ணல் கல்தரையில் வீசப்பட்டார், கால் முறிந்தது. இதைச் சாலை விபத்து என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு வண்டிக் கதை உண்டு, உலகமே பாராட்டிய கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்களும் கற்றார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். என் அம்மாவும் அப்போது கற்றவர்தான். குவாரிக்குப் போக வர அப்பாவை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெருமை இன்றும் அவர் முகத்தில் இருக்கிறது. ஆனால் ஊர்த்தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார், முனை திரும்பியதும் மறுபடி ஏறுவார். சைக்கிள் விடச் சொல்லிக்கொடுக்க வகுப்பு நடத்தினார்கள். எங்கே இறங்க வேண்டும் என்பது வகுப்பு இல்லாமலே தெரிந்திருந்தது.

அது பழைய கதை என்பார்கள். 2025 பிப்ரவரியில் பக்கத்துச் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். தங்கள் முன்னால் புல்லட் ஓட்டியதற்காகத்தான் என்பது அவர் தரப்புப் புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று வண்டியின் பெயரைச் சொல்லியே எழுத வேண்டியிருந்தது. நம் சாலை விதி எது என்று வெளிநாட்டார் கேட்டால் நான் அந்தப் பிரிவைத்தான் காட்டுவேன்.

இதற்காக வெளிநாட்டு ரோடெல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூரில் காருக்குள் இருப்பவர் சீட்பெல்ட் போடாவிட்டால் அபராதம். நம்ம ஊர்ப் பையன்களைக் கட்டட வேலைக்கு ஏற்றிப்போகும் லாரியின் பின்தட்டில் பெல்ட்டே இல்லை. அதற்கும் அங்கே சட்டப்படி அனுமதி உண்டு. கோடு, சிக்னல், வரிசை எல்லாம் சரியாக இருக்கும் ஊரிலும் யார் பின்தட்டில் என்பதை யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள்.

இப்போது எங்கள் குடியிருப்பில் ஏழு பெண்கள் எல்எல்ஆர் எடுத்திருக்கிறார்கள். மாலையில் கண்மாய்க்கரை ஓரம் ஓட்டிப் பழகுகிறோம். கியர், பிரேக், கைச்சைகையோடு நான் இன்னொன்றும் சொல்லிக்கொடுக்கிறேன். வண்டி உரசினால் முதலில் அடிபட்டவரைப் பார், படம் எடு, 112க்கு அடி. உரிமமும் இன்சூரன்ஸும் போலீஸ் கேட்டால் காட்டு. "எந்தத் தெரு" என்று யாராவது கேட்டால், வண்டி நம்பரைச் சொல்லு. சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் யார், எத்தனை மணி, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று அன்றைக்கே எழுதிவை.

ஒரு பெண் மட்டும், "ஹாரன் அடிக்கலாமாக்கா?" என்று கேட்டாள். அடி என்றேன். வரும் வியாழக்கிழமை நாலு பேருக்கு எட்டு போடும் தேர்வு.