யான் ரிம் வாங்கிய வரலாறு

தமிழ் மாணவன் ஒருவன் சைக்கிள் ரிம்மைப் பற்றி எழுதப் புகுவது கண்டு அன்பர்கள் நகைத்தல் கூடும். இலக்கணமும் இலக்கியமும் கற்க வந்தவனுக்கு அலுமினியமும் கம்பியும் எற்றுக்கு என வினவுவோரும் உளர். அன்னோர் சற்றே பொறுத்து இதனைப் படித்து முடிப்பாராக.

எனது ஊர் நீலகிரியிலுள்ள கோத்தகிரிக்கு அண்மையது. தேயிலைத் தோட்டங்களின் ஊடே செல்லும் ஒற்றையடிப் பாதைகளும், சோலைகளை அடுத்த கல் நிரம்பிய வழிகளும் எனக்கும் என் தம்பிக்கும் இளமை தொட்டே பழகியவை. அவற்றில் ஓட்டுதற்கென மலைச் சைக்கிள் ஒன்றை இருவருக்கும் பொதுவாக வைத்திருந்தோம். ஏற்றமும் இறக்கமுமான காட்டு வழியிற் சுற்றி வரும் பந்தயம் 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரத்து ஒலிம்பிக் விழாவில் முதன்முதலாக இடம் பெற்றது. இவ்விளையாட்டில் ஈடுபடுவோரைப் பற்றும் பித்து ஒன்றுண்டு. அஃது எடை குறைத்தல் என்னும் பித்து.

சென்ற ஆண்டு அஃது என்னையும் பற்றிற்று. சக்கரத்தின் விளிம்பிற் குறையும் ஒரு கிராம் இரண்டு கிராமுக்கு நிகர் என எங்கோ படித்திருந்தேன். சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிச் சேர்த்த பொருளைக் கொண்டு, கிடைத்தவற்றுள் எடை மிகக் குறைந்த ரிம் இரண்டினை வாங்கினேன். உள்ளகலம் 19 மில்லிமீட்டர். டியூபின்றி ஓட்டுதற்கென அவை அமைந்தனவோ என்பதை யான் நோக்கிற்றிலேன். எடையைக் குறித்த எண் ஒன்றே என் கண்ணிற்பட்டது.

டியூபின்றி ஓட்டும் முறையின் இயல்பை ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும். டியூப் உள்ள சக்கரம் கல்லின்மேல் மோதுங்கால், டியூபானது கல்லுக்கும் ரிம்மின் விளிம்புக்கும் இடையே நசுங்கி இரண்டிடத்துத் துளைபடும். அதற்கஞ்சிக் காற்றை மிகுத்து அடைப்பர். காற்று மிகின் சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளும். டியூபை நீக்கிவிடின் நசுங்குதற்குப் பொருள் இல்லை. ஆகலின் காற்றைக் குறைத்து மண்ணைப் பற்றி ஓட்டலாம். முள் தைத்தால், உள்ளே ஊற்றியுள்ள ரப்பர்ப் பாலன்ன நீர்மம் அத்துளையை அடைத்துக்கொள்ளும். பிரான்சு நாட்டு மாவிக் நிறுவனத்தார் 1999-ஆம் ஆண்டில், ஹட்சின்சன், மிஷ்லென் என்னும் டயர் நிறுவனத்தாரோடு கூடி இம்முறையை மலைச் சைக்கிளுக்கு வகுத்தளித்தனர். இதற்கென அமைந்த ரிம்மின் உட்புறத்தே, டயரின் விளிம்பு வந்து அமரும் தட்டும், அமர்ந்தது நழுவாதபடி காக்கும் சிறு மேடும் உள. யான் வாங்கிய ரிம்மில் அம்மேடு இல்லை. யானோ கம்பித் துளைகளின்மேல் நாடாவை ஒட்டி, நீர்மத்தை ஊற்றி, டயரை மாட்டி, நூற்புலமையால் வெற்றி கண்டேன் என மகிழ்ந்திருந்தேன்.

நவம்பர் மாதத்து விடுமுறை நாளொன்றில் தம்பி அதனை ஏறிச் சென்றான். தோட்டத்துச் சரிவில், வளைவொன்றில், முன்சக்கரத்து டயர் விளிம்பை விட்டு நெகிழக் காற்று முழுதும் ஒருங்கே வெளியேறிற்று. அவன் வீழ்ந்தான். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. அரையாண்டுத் தேர்வை அவன் எழுதக் கூடவில்லை. மருத்துவமனையில் அவன் என்னை நோக்கி, "அண்ணா, முன் பிரேக்கைப் பலமாகப் பிடித்துவிட்டேன் போலும்" என்றான். யான் ஒன்றும் கூறிற்றிலேன். தந்தையார் அவனைக் கடிந்துகொண்டபோதும் வாய் திறந்திலேன். வண்டி பூட்டப்பட்டது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில், அம்முன்சக்கரத்தைக் கழற்றிக் குன்னூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். சக்கரம் நேராக ஓடாது அசையுமாயின், கம்பிகளை முறுக்கி நேராக்குவதைக் "கோட்டம் எடுத்தல்" என்பது நம் நாட்டுக் கடைக்காரர் வழக்கு. கோட்டம் என்பது திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தே பயிலும் சொல். அதனை எண்ணெய் படிந்த கைகள் இன்றும் உயிரோடு வைத்திருத்தல் கண்டு முன்னரெல்லாம் உவந்ததுண்டு. அன்று அவ்வுவகை தோன்றிற்றில்லை. முதியவர் சக்கரத்தைச் சுழற்றி நோக்கி, "தம்பி, இதிலே கோட்டம் இல்லை. இது டியூப் போட்டு ஓட்டவேண்டிய ரிம். டியூப் இல்லாமல் மாட்டியது யார்?" என்றார். "நான்தான் ஐயா" என்றேன். அவ்வொரு சொல்லைத் தந்தையாரிடம் சொல்ல எனக்கு ஒரு மாத காலமாக நா எழவில்லை.

அவர் வெகுளாது என்னை அமரச் செய்து, ரிம் தேர்தலின் முறையை எடுத்துரைத்தார். அளவு முதலாவது. 29 அங்குலம் எனப்படும் மலைச் சைக்கிளின் ரிம்மில் டயர் அமருமிடத்து விட்டம் 622 மில்லிமீட்டர். 28 அங்குலம் எனப்படும் நம் நாட்டுப் பழைய வண்டிக்கோ 635. பெயரிற் பெரியது அளவிற் சிறியது! ஆதலின் பெயரை நம்பாது எண்ணை நம்புக என்றார். அகலம் இரண்டாவது. ஒடுங்கிய ரிம்மில் அகன்ற டயரை மாட்டினால் அது குமிழ்போற் பிதுங்கி, காற்றுக் குறைந்தபோது பக்கத்தே சாயும்; 2.25 அங்குல டயருக்கு 25 மில்லிமீட்டர் உள்ளகலம் தகும். பொருள் மூன்றாவது. கார்பன் ரிம் இலகுவும் உறுதியும் உடையது. ஆயினும் விலை மிக்கது. கடுமையாக மோதின் விரியும். அலுமினியம் நெளியும், சிறு நெளிவைத் திருத்திக்கொள்ளலாம். கம்பிகள் நான்காவது. 28 கம்பிக்குப் பதிலாக 32 கம்பி கொள்வதால் ஒரு சக்கரத்திற்குக் கூடும் எடை 30 கிராமுக்கு மேற்படாது. சக்கரமோ உரம் பெறும்.

பின்னர் இரு ரிம்களைக் காட்டினார். இரண்டும் டியூபின்றி ஓட்டுதற்கென்றே அமைந்தவை. ஒன்று 380 கிராம். மற்றொன்று 460 கிராம். என் கை முன்னதை நோக்கியே சென்றது. அப்பொழுது அங்கிருந்த அட்டையொன்றிற் கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டு சக்கரத்திற்குமாக வேற்றுமை 160 கிராம். தம்பியும் வண்டியுமாக 80 கிலோகிராம். எனவே, வேற்றுமை 500-இல் ஒரு பங்கு. ஒரு மணி நேரம் ஓயாது மலையேறினும் அதனால் மிஞ்சுவது ஏழு வினாடிக்கு மேற்படாது. விளிம்பின் எடை இருமடங்காவது விரைவு கூட்டும் பொழுதில்தான். ஒரே சீராக ஏறுங்கால் அது மற்றை எடையைப் போன்றதே. யான் படித்தது பொய்யன்று. பாதி படித்ததே பிழை.

ஏழு வினாடிக்காகவா என் தம்பியின் கை முறிந்தது என எண்ணியபோது அட்டையிலிருந்த எண்கள் கலங்கித் தோன்றின.

460 கிராம் எடையுள்ள ரிம்களை, 32 துளை உடையனவாக வாங்கினேன். அகன்ற நாடாவை முதியவரே ஒட்டினார். காற்றடைக்கையில் டயரின் விளிம்பு தட்டில் அமரும் ஒலி இருமுறை கேட்டது. அவ்வொலி கேளாது வண்டியை ஒருவர்க்கும் கொடாதே என எச்சரித்தார். முன்னர் யான் மாட்டியபோது அவ்வொலி கேட்டிலேன். கேட்க வேண்டுமென்பதையும் அறிந்திலேன்.

அன்றிரவு உணவுக்குப்பின், தந்தையாரும் தம்பியும் இருக்க, நிகழ்ந்ததனைத்தும் கூறினேன். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. தம்பி மட்டும், "அப்படியானால் நான் பிரேக் பிடித்தது சரிதானா, அண்ணா?" என வினவினான். "சரியாகத்தான் பிடித்தாய்" என்றேன். அவன் முகத்தில் ஒரு மாதமாகக் காணாத தெளிவு தோன்றிற்று. கையின் நோவினும் அவ்வையமே அவனை வருத்தியிருந்தது என்பதை யான் அப்பொழுதே உணர்ந்தேன்.

மறுவாரம் தந்தையார் பூட்டின் திறவுகோலை மேசைமேல் வைத்துச் சென்றார். தம்பியின் கை தேறும் வரை யானும் வண்டியைத் தொடுவதில்லை எனத் துணிந்தேன். புதுச் சக்கரங்கள் சுவரிற் சாத்தியபடி அவனுக்காகக் காத்திருக்கின்றன.