ஊருக்கு ஒரு வெளி

தம்புள்ளை என்றவுடன் நேயர்களின் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் அமைத்தான் எனப் போற்றப்படும் குகை விகாரை. மற்றொன்று, குளக்கரையை அடுத்து விளங்கும் ரங்கிரி தம்புள்ளை சர்வதேச விளையாட்டரங்கம். விகாரைக்குரிய 60 ஏக்கர் நிலத்தைக் குத்தகையாகப் பெற்று, 167 நாட்களிலே கட்டி முடிக்கப்பட்ட அவ்வரங்கில், 2001ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், இலங்கை அணி இங்கிலாந்து அணியை எதிர்த்து அங்கு நடந்த முதலாவது சர்வதேச ஒருநாட் போட்டியை ஆடி வெற்றி கண்டது. 2024ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் நம் நாட்டு மகளிர் அணி இந்திய மகளிரை வென்று ஆசியக் கிண்ணத்தை முதன்முறையாகக் கைக்கொண்டதும் அவ்வரங்கிலேதான்.

ஆயினும் நாம் இன்று எழுதப் புகுந்தது அவ்வரங்கைப் பற்றியன்று. அங்கிருந்து சில மைல் தூரத்தில், நாம் குடியிருக்கும் சிற்றூரின் நடுவே, வாயிலும் இல்லாமல் மதிலும் இல்லாமல் கிடக்கின்ற ஒரு வெளியைப் பற்றியே எழுதுகின்றோம். ஏறக்குறைய இரண்டு ஏக்கர் பரப்பு. ஓரத்திலே ஒரு பெரிய இலுப்பை மரம். அதன் நிழலில் யாரோ போட்ட கல்லாசனம். கரப்பந்தாட்டத்துக்கு நட்ட இரு கம்பங்கள். இவ்வளவே அதன் செல்வம். காலையில் மாடுகள் மேயும். நண்பகலில் பெண்கள் மிளகாய் உலர்த்துவர். மாலையில் பிள்ளைகளுக்கு உரியது. மரணவீடு நேர்ந்தால் பந்தலுக்கு வேண்டிய கம்புகள் அங்கே வந்து குவியும்.

2008ஆம் ஆண்டில் நாம் இவ்வூருக்குக் குடிவந்தபோது, இந்த வெளி யாருக்குச் சொந்தம் என்று இலுப்பை மரத்தடியில் அமர்ந்திருந்த ஒரு முதிய சிங்கள விவசாயியை வினவினோம். அவர் தமக்குத் தெரிந்த தமிழில், “ஒருவருக்கும் இல்லை, இஸ்கோலே மாத்தயா. அதனால் எல்லாருக்கும்” என்றார். பின்னர் அவர் வாயிலாகவே ‘திஸ்பம்பே’ என்னும் சொல்லை அறிந்தோம். முப்பது பாகம் என்பது அதன் பொருள். வறண்ட வலயத்துப் பழைய குளத்தூர்களில், மேலே குளமும் கீழே வயலும் இடையே குடிமனைகளும் அமைந்திருக்கும். அக்குடிமனைகளைச் சூழ முப்பது பாக அகலத்திற்கு எவருக்கும் உரிமையாகாத ஒரு நிலப்பட்டியை விட்டு வைத்தனர். மாடுகள் இளைப்பாறவும், மக்கள் கூடவும், இலுப்பையும் மாவும் தழைக்கவும் அந்நிலம் இடந்தந்தது. உலகின் சிறப்புமிக்க விவசாய மரபுகளுள் ஒன்றாக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ள இலங்கையின் குளத்தூர் முறையில் இதுவும் ஓர் உறுப்பாகும். நம் முன்னோர் மன்றம் என்றும் மந்தைவெளி என்றும் வழங்கியதும் இத்தகைய நிலத்தையே அன்றோ? பெயர் வேறாயினும் கருத்து ஒன்றே.

இத்தகைய வெளிகள் எங்கனம் குறைந்தன என்பதை வரலாற்று மாணாக்கர் நன்கறிவர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலங்கள், மாறாக நிறுவப்படும் வரை, முடிக்குரியன எனக் கொள்ளப்படும் என்றது. உறுதிப் பத்திரம் இல்லாத ஊர்ப் பொதுநிலம், சட்டத்தின் கண்களுக்கு வெறும் தரிசாகத் தோன்றியது. மலைநாட்டில் அவ்வாறு முடிக்குரியதாகக் கொள்ளப்பட்டு விற்கப்பட்ட நிலங்களிலே கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, இந்தத் தம்புள்ளையைக் கடந்துதான் மாத்தளையை அடைந்தனர். கொள்ளை நோயாலும் பசியாலும் வழியிலே வீழ்ந்தோர் பல்லாயிரவர். ஒருவர் இழந்த நிலத்தில் மற்றொருவர் நிலமின்றி உழைக்க நேர்ந்தது என்பதே அக்காலத்தின் சோகம்.

நம் பாட்டனாரும் மாத்தளைத் தோட்டமொன்றின் தொழிலாளியே. நாம் பிறந்து வளர்ந்த லயத்திற்கு முற்றம் கிடையாது. விளையாட வேண்டுமானால் பிரட்டுக்களத்துக்குத்தான் ஓடவேண்டும். காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த இடம், மாலையிலே சிறுவர்களின் மைதானம். துரையின் வண்டியோசை கேட்டால் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி ஒளிவோம். ‘ஒருவருக்கும் இல்லை, எல்லாருக்கும்’ என்று அம்முதியவர் சொன்ன சொல், நம் செவியில் எவ்வளவு இனிமையாக விழுந்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

அந்த வெளி செய்த தொண்டு சிறிதன்று. இவ்வூரில் தமிழ்க் குடும்பங்கள் சில, முஸ்லிம் குடும்பங்கள் சில, ஏனையோர் சிங்களவர். பாடசாலைகள் மொழியால் பிரிந்துள்ளன. வழிபாடு சமயத்தால் பிரிந்துள்ளது. பிள்ளைகள் ஒன்றாகக் கூடும் இடம் அது ஒன்றே. நம் மகன் சிங்களம் கற்றது புத்தகத்தினால் அன்று. ‘எல்லே’ ஆட்டத்தில் தன் பக்கத்தாருடன் சண்டையிட்டுக் கற்றான். சித்திரைப் புத்தாண்டில் வழுக்குமரம் ஏறுதலும் கயிறிழுத்தலும் தலையணைச் சண்டையும் அங்கேதான் நிகழும். 1991ஆம் ஆண்டில் நம் நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட கரப்பந்தாட்டத்துக்கு ஒரு வலையும் ஒரு பந்தும் போதுமாதலால், வயல்வேலை முடித்த இளைஞரும், பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூடை சுமந்து களைத்தவரும் அந்திப்பொழுதில் அங்கே கூடுவர். 2012ஆம் ஆண்டில் தம்புள்ளையிலே பள்ளிவாசல் குறித்துப் பூசல் எழுந்த நாட்களில், பெரியவர்கள் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கவும் தயங்கினர். மூன்றாம் நாள் மாலை பிள்ளைகள் மட்டையுடன் வெளிக்கு வந்துவிட்டனர். பந்து வீச அவர்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. அந்த ஆள் முஸ்லிம் பையன். அவனை வீட்டுக்குச் சென்று அழைத்து வந்தனர். அதன் பின்பே பெரியவர்களுக்கும் பேச்சு வந்தது.

மற்றொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகின்றது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அந்தப் பெரிய அரங்கில் இந்திய அணி வெற்றி பெற ஓர் ஓட்டமே தேவைப்பட்டது. விரேந்தர் சேவாக் 99 ஓட்டங்களுடன் நின்றார். சுராஜ் ரந்தீவ் வேண்டுமென்றே முறையற்ற பந்தை வீசினார். சேவாக் அதை ஆறாக அடித்தும், முறையற்ற பந்துக்குரிய ஓர் ஓட்டத்தாலே ஆட்டம் முடிந்துவிட்டமையால், அவருக்கு நூறு கிட்டவில்லை. ரந்தீவ் பின்னர் மன்னிப்புக் கேட்டார். ஓர் ஆட்டத்துக்குத் தடையும் பெற்றார். மறுநாள் நமது வெளியில் இதைப் பற்றியே வாதம். நம்மைக் கண்டதும் ஒரு சிறுவன், “அவர் அடிச்சது ஆறுதானே சேர்? நாங்கன்னா நூறுன்னு எழுதியிருப்போம்” என்றான். சட்டநூல் அறியாத அச்சிறுவனுக்கு நடுவுநிலையைக் கற்பித்தவர் யார்? வகுப்பிலே நாம் கற்பிக்கவில்லை. நடுவர் இல்லாத ஆட்டத்தில், வாதாடியும் விட்டுக்கொடுத்தும் அவனே கற்றுக்கொண்டான்.

இனி, நமது குற்றத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் வீட்டிலே மாலை வகுப்புத் தொடங்கினோம். புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கும் பிள்ளைகளை ஆயத்தம் செய்யுமாறு பெற்றோர் வேண்டினர். நமக்கும் சிறிது வருவாய் கிடைத்தது. வேறு ஆசிரியர்களும் தொடங்கினர். மூன்று மணி முதல் ஆறு மணி வரை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வகுப்பு. வெளியிலிருந்து வந்த பந்து ஒருநாள் நம் கூரை ஓட்டை உடைத்தபோது, நாமே கடிந்து பேசிப் பையன்களைக் கலைத்தும் விட்டோம். மெல்ல மெல்ல அங்கே ஆட்டம் குறைந்தது. கரப்பந்துக் கம்பம் ஒன்று சாய்ந்தது, நிமிர்த்துவார் இல்லை. பற்றை வளர்ந்தது.

ஒருநாள் முதியவர் நம்மை அழைத்துச் சொன்னார்: “பிள்ளை வராத நிலத்துக்குக் காடு வரும், மாத்தயா. காடு வந்தால் பின்னாலேயே ஆள் வரும்.” அவர் சொன்னபடியே நிகழ்ந்தது. மரக்கறி பொதி செய்யக் கொட்டகைகள் கட்டலாம், வாடகை கிடைக்கும் என்று சிலர் யோசனை கூறத் தொடங்கினர். அவர்களைத் தீயவர் என நாம் சொல்லமாட்டோம்; ஊருக்கு வருமானம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் அவர்கள் கூறிய காரணம் நம்மைத் திடுக்கிடச் செய்தது. “சும்மா கிடக்கும் நிலந்தானே!” என்றனர். 1840ஆம் ஆண்டின் சட்டம் கூறியதும் அதுவேயன்றோ? அன்று அந்நியர் கூறியதை இன்று நம்மவர் கூறுகின்றனர். அப்படிக் கூறுவதற்கு இடந்தந்தவர்களுள் நாமும் ஒருவர்.

அதன்பின் நாம் செய்தது பெரிதொன்றுமில்லை. நமது வகுப்பைச் சனி, ஞாயிறு காலைக்கு மாற்றினோம். மற்றைய ஆசிரியர் மூவரிடம் வேண்டினோம். இருவர் இசைந்தனர், ஒருவர் இசையவில்லை. அவர் குடும்பநிலை நமக்குத் தெரியுமாதலால் வற்புறுத்தவில்லை. பெற்றோர் சிலர் மனங்கோணிப் பிள்ளைகளை வேறிடம் அனுப்பினர். ஒரு சிரமதான நாளில் பற்றையை வெட்டினோம்; கம்பத்தை நிமிர்த்தினோம். சிங்களத்திலும் தமிழிலும் ஒரு விண்ணப்பம் எழுதி, வீடுவீடாகச் சென்று கையொப்பம் பெற்றோம். கொட்டகை பற்றிய முடிவு ஒத்திவைக்கப்பட்டுள்ளது, கைவிடப்படவில்லை.

ஆகவே பெற்றோர்க்கு நமது வேண்டுகோள் இது: நாள்தோறும் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள். பரீட்சையில் அதனால் இழப்பு நேராது என்று இருபது ஆண்டு கற்பித்த அனுபவத்தைக் கொண்டு உறுதி கூறுகின்றோம். மாணாக்கரே, உங்கள் ஊர்களிலும் இத்தகைய வெளி ஒன்று இருக்கும். அதன் வரலாற்றை முதியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். எழுதியபின் பந்தை எடுத்துக்கொண்டு அங்கே செல்லுங்கள்.

சென்ற வாரம் மீண்டும் ஒரு பந்து நம் கூரையில் விழுந்தது. ஓடு ஒன்று உடைந்தது. பையன்கள் அஞ்சியவாறு வேலியருகே வந்து நின்றனர். பந்தை எறிந்து கொடுத்துவிட்டு, ஓடு வாங்கக் கடைக்குச் சென்றோம்.